ரிஷிமூலம் பார்த்தே ஆகவேண்டிய தொழில்

ரிஷிமூலம், நதிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். கிட்டத்தட்ட முப்பது வருடமாக நான் செய்துவரும் பாக்டீரியா மரபியல் வேலையில் அதைப் பார்க்காமல் ஒரு நாளைக்கூட ஓட்ட முடியாது. ஒரே ஒரு தடவை பார்க்காமல் விட்டேன், எட்டு மாதம் போயிற்று. முதலில் அந்தக் கதை. அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதெல்லாம் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறது.

1997. பிஎச்.டி. இரண்டாம் வருடம். ஈ.கோலை பாக்டீரியாவுக்குச் சாப்பாடு தீர்ந்துபோனால் அது எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பது என் தலைப்பு. வளர்ச்சி நின்ற பிறகும் நல்ல ஸ்ட்ரெய்ன், அதாவது நல்ல பாக்டீரியா வம்சம், நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும். எந்த ஜீன் கெட்டால் அது சீக்கிரம் சாகிறது என்று தேட வேண்டும். அதற்கு டிரான்ஸ்போசான் என்ற தாவும் டிஎன்ஏ துண்டை உள்ளே விட்டோம். அது குரோமோசோமில் ஏதோ ஓரிடத்தில் போய் உட்காரும், உட்கார்ந்த ஜீனைக் கெடுக்கும். கனமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் ஜீன் ஒன்றையும் அது கூடவே சுமந்து போவதால், துண்டு ஏறிய செல்களை மட்டும் கனமைசின் பிளேட்டில் பொறுக்கி எடுக்கலாம். ஆறாயிரம் காலனிகளை, அதாவது ஒவ்வொரு செல்லிலிருந்தும் பெருகிய புள்ளிகளை, ஆட்டோகிளேவ் நீராவியில் கிருமி நீக்கிய பல்குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்தேன். அவற்றில் ஒன்று இரண்டே நாளில் செத்துப்போனது. திரும்பச் செய்தேன், மறுபடியும் செத்தது. துண்டு உட்கார்ந்திருந்த ஜீனைப் பார்த்தால் அதன் பெயர் ஒய் என்ற எழுத்தில் தொடங்கியது. வேலை தெரியாத ஜீன்களுக்கு அப்படிப் பெயர் வைப்பது ஈ.கோலைக்காரர்கள் வழக்கம்.

அப்போது எனக்கு இருந்த பரவசத்தைச் சொல்லாவிட்டால் மீதிக் கதை புரியாது. ஃபிரெட் பிளாட்னரின் குழு ஈ.கோலையின் முழு ஜீனோமை வெளியிட்ட வருடம் அது. 46 லட்சத்து 39 ஆயிரம் எழுத்துகள், 4288 புரத ஜீன்கள், அவற்றில் 38 சதவீதத்துக்கு என்ன வேலை என்றே தெரியவில்லை. அந்த 38 சதவீதத்தில் ஒன்று என் கையில் சிக்கிவிட்டது! புரதத்தைப் பிரித்தெடுத்தேன். ஆன்டிபாடி செய்யக் கொடுத்தேன். செல் சவ்வுக்குப் பக்கத்தில் அந்தப் புரதம் காவல்காரன் மாதிரி நிற்பதாக ஒரு படம்கூட வரைந்து வைத்திருந்தேன்.

எட்டாவது மாதம் லேப் கூட்டத்தில் அந்தப் படத்தைப் போட்டதும் கைடு கேட்டார்: "பி1 போட்டுப் பாத்தியாம்மா?"

போடவில்லை. அவசியம் என்று தோன்றவில்லை.

பி1 என்பது ஈ.கோலையைத் தாக்கும் ஒரு ஃபேஜ், அதாவது பாக்டீரியாவின் வைரஸ். தன் டிஎன்ஏவைப் பொட்டலம் கட்டும்போது சில சமயம் தவறிப்போய் பாக்டீரியாவின் டிஎன்ஏவில் ஏறத்தாழ ஒரு லட்சம் எழுத்து நீளமுள்ள துண்டைக் கட்டிக்கொண்டு போய்விடும். மியூட்டன்டில், அதாவது ஜீன் மாறிய ஸ்ட்ரெய்னில், பி1-ஐ வளர்த்து, அந்த ஃபேஜை ஒரு சுத்தமான ஸ்ட்ரெய்னில் ஏற்றி, கனமைசினில் வளர்வதை எடுத்தால், மியூட்டன்டின் டிரான்ஸ்போசானும் அதன் அக்கம்பக்கமும் மட்டும் புது வீட்டுக்குக் குடிபோயிருக்கும். மற்ற 45 லட்சம் எழுத்தும் சுத்தமானவனுடையது. புது வீட்டிலும் அதே குணம் தெரிந்தால் குற்றவாளி டிரான்ஸ்போசான்தான். தெரியாவிட்டால் அது சும்மா பக்கத்தில் நின்ற ஆள்.

மூன்று நாள் வேலை. இருபது காலனி எடுத்துச் சோதித்தேன். இருபதும் நாள்கணக்கில் ஜம்மென்று உயிரோடு இருந்தன.

அன்று நான் அழவில்லை என்று சொன்னால் பொய். கைடு ஒன்றும் சொல்லாமல் என் மியூட்டன்ட் பிளேட்டையும் ஒரு சுத்தமான ஸ்ட்ரெய்ன் பிளேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒரு சொட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டார். சுத்தமானது சோடா மாதிரி பொங்கியது. என்னுடையது அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழ் விட்டுக்கொண்டு சோம்பிக் கிடந்தது. பத்து விநாடிகூட ஆகவில்லை.

விஷயம் இதுதான். பட்டினிக் காலத்தில் ஈ.கோலையின் நூற்றுக்கணக்கான ஜீன்களை எழுப்பிவிடுவது ஆர்போ-எஸ் என்ற ஒரு தலைமை ஜீன். பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் நொதிகளில் ஒன்றும் அதன் கட்டளைக்குக் காத்திருப்பதுதான். ஆர்போ-எஸ் கெட்டால் குமிழ் குறையும், பட்டினியில் செல்லும் சீக்கிரம் சாகும். நான் டிரான்ஸ்போசான் விட்ட தாய்க் கல்ச்சர், அறை வெப்பத்தில் அகாருக்குள் குத்தி வைத்த ஒரு பழைய ஸ்டாப் குழாயிலிருந்து வந்தது. அதில் பெரும்பாலான செல்கள் நல்லவை, சில ஆர்போ-எஸ் கெட்டவை. என் டிரான்ஸ்போசான் அப்படிக் கெட்ட ஒரு செல்லில் போய் ஏறியிருந்தது. நான் எட்டு மாதம் காவல்காரன் என்று கொண்டாடிய புரதத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது யாருக்கும் தெரியாத ரகசியமும் இல்லை. பட்டினியில் கிடக்கும் கல்ச்சரில் ஆர்போ-எஸ் மாறிய செல்கள் மற்றவற்றை ஓரங்கட்டிவிட்டு எழும்புவதை ராபர்ட்டோ கோல்டரின் குழு 1993-லேயே காட்டியிருந்தது. அந்தக் கட்டுரையை நான் படித்திருந்தேன். மேற்கோள்கூடக் காட்டியிருந்தேன். என் குழாய்க்கும் அது பொருந்தும் என்றுதான் தோன்றவில்லை.

அப்புறம் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இப்போதும் புதிதாக வரும் மாணவர்களைப் போடச் சொல்கிறேன். இரவு முழுக்க வளர்ந்த 5 மில்லி கல்ச்சரில் குறைந்தது ஆயிரம் கோடி செல்கள் இருக்கும். ஒரு செல் ஒரு தடவை பிரியும்போது அதன் ஜீனோமில் எங்காவது ஓர் எழுத்து மாறுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்று. அப்படியானால் கடைசித் தலைமுறையில் மட்டும் ஒரு கோடி புது மாற்றங்கள். ஜீனோமின் நீளமோ 46 லட்சம். அதாவது நீங்கள் கையில் பிடித்திருக்கும் அந்தச் சின்னக் குழாயில் ஈ.கோலையின் அநேகமாக ஒவ்வோர் எழுத்தும் ஏதாவது ஒரு செல்லில் மாறியிருக்கிறது. "ஒரு ஸ்ட்ரெய்ன்" என்று நாம் சொல்வது ஒரு ஊர். தனிக் காலனி எடுக்காமல் குழாயிலிருந்து குழாய்க்கு ஊற்றிக்கொண்டே போனால், அந்த ஊரில் யார் ஆட்சிக்கு வருவார்கள் என்று நமக்குத் தெரியாது.

ஆகவே என் லேபில் சில வழக்கங்கள் உண்டு. ஃப்ரீசரிலிருந்து எடுத்தால் முதலில் பிளேட்டில் கோடு இழுத்துத் தனிக் காலனி வாங்க வேண்டும். ஒரு மியூட்டன்ட் சுவாரசியமாகத் தெரிந்தால் அந்த வாரமே பி1 போட வேண்டும், அடுத்த மாதம் இல்லை. பி1-இலும் சறுக்கல் உண்டு. காலனியே வராவிட்டால் கால்சியத்தைச் சந்தேகிக்கலாம், அது இல்லாமல் ஃபேஜ் செல்லில் ஒட்டாது. வந்த காலனிகள் ஓரம் கடித்தாற்போல் இருந்தால், கால்சியத்தைப் பிடித்துவைக்கும் சிட்ரேட் போதவில்லை, மிச்சமிருக்கும் ஃபேஜ் காலனியைத் தின்றுகொண்டிருக்கிறது. சிட்ரேட் பிளேட்டில் இரண்டு தடவை சுத்தம் செய்த பிறகே ஃப்ரீசருக்குப் போக வேண்டும். ஒரு ஜீனை நீக்கினால் தனித்தனியாக இரண்டு தடவை நீக்கி, இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டும். இது என் சொந்தச் சரக்கு இல்லை. 2006-இல் வெளிவந்த கெய்யோ தொகுப்பில் 3985 ஜீன்களை ஒவ்வொன்றாக நீக்கினார்கள், ஒவ்வொன்றுக்கும் சார்பில்லாத இரண்டு மியூட்டன்டுகளைப் பாதுகாத்தார்கள். இரண்டும் ஒரே கதை சொன்னால் நம்பலாம்.

கெட்ட ஜீனின் நல்ல பிரதியைத் திரும்ப உள்ளே வைத்துக் குணம் மீள்கிறதா என்று பார்ப்பதும் உண்டு. எல்லோரும் செய்வது, பாதிப் பேர் அந்தப் பிரதியைச் சுமக்கும் பிளாஸ்மிட் என்ற டிஎன்ஏ வளையத்தின் எண்ணிக்கையைக் கவனிக்காமல் செய்வது. பியூசி வகைப் பிளாஸ்மிட் ஒரு செல்லில் நூற்றுக்கணக்கில் இருக்கும், பிபிஆர்322 பதினைந்து இருபது, பிஎஸ்சி101 ஐந்து சொச்சம். குரோமோசோமில் ஒரே ஒரு பிரதியாக இருந்த ஜீனை நூறு பிரதியாகத் திணித்தால் அது தன் வேலையோடு அடுத்தவன் வேலையையும் பார்க்கும். குணம் மீண்டது என்று நாம் சந்தோஷப்படுவோம்.

மூலம் பார்ப்பதில் எனக்குக் குரு என்று சொல்லத்தக்கவர் நான் நேரில் பார்த்தேயிராத ஒருவர், பார்பரா பாக்மன். யேல் பல்கலைக்கழகத்தில் ஈ.கோலை ஸ்ட்ரெய்ன் சேமிப்பகத்தை நடத்தியவர். 1972-இல், லேபுகளில் புழங்கும் கே-12 என்ற ஈ.கோலை ஸ்ட்ரெய்ன்களின் வம்சாவளியை ஒரு கட்டுரையாக எழுதினார். யாருக்கு யார் பிறந்தார், எந்தப் பிள்ளைக்கு எக்ஸ்ரே அடித்தார்கள், எதற்குப் புற ஊதாக் கதிர் காட்டினார்கள், எந்த மியூட்டேஷன் எந்தத் தலைமுறையில் நுழைந்தது என்று குடும்ப மரம் மாதிரி வரைந்திருப்பார். எல்லாம் போய் முடிவது 1922-இல் ஸ்டான்ஃபோர்டில் டிப்தீரியாவிலிருந்து தேறிக்கொண்டிருந்த ஒரு நோயாளியிடமிருந்து எடுத்த ஒரே ஒரு பாக்டீரியாவில். லெடர்பெர்க்கும் டேட்டமும் 1946-இல் பாக்டீரியாக்கள் கலந்து டிஎன்ஏ பரிமாறிக்கொள்வதைக் கண்டது அதன் பிள்ளைகளில்தான். கே-12-க்குள் அந்தப் பரிமாற்றத்தை நடத்தும் எஃப் என்ற பிளாஸ்மிட் தற்செயலாக இருந்தது அவர்கள் அதிர்ஷ்டம். அது இல்லாத ஸ்ட்ரெய்னை எடுத்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. எனக்கு அலுப்புத் தட்டும்போது எடுத்துப் படிக்கும் கட்டுரை பாக்மனுடையது. குடும்பச் சண்டை இல்லாத குடும்பக் கதை.

அதைப் படித்தால் இன்னொன்றும் விளங்கும். "வைல்டு டைப்" என்ற பெயரே ஒரு மரியாதைப் பேச்சுத்தான். உலகமே அப்படி அழைக்கும் எம்ஜி1655-க்கே ஆர்பிஎச் என்ற ஜீனில் ஓர் எழுத்து காணாமல் போயிருக்கிறது. அதனால் பக்கத்து ஜீன் மந்தமாகி, டிஎன்ஏ, ஆர்என்ஏ செய்யத் தேவையான பிரிமிடின் பற்றாக்குறையோடு சோற்றுக்குத் தாளம் போடுகிற பிறவி அது. உப்பும் ஒரு சர்க்கரையும் மட்டுமுள்ள மினிமல் மீடியத்தில் யுராசில் என்ற பிரிமிடினைக் கொஞ்சம் போட்டால் வேகமாக வளரும். போதாக்குறைக்கு ஒரு லேபின் எம்ஜி1655 நன்றாக நீந்தும், இன்னொரு லேபினுடையது அவ்வளவாக நீந்தாது. நீந்துவதற்கான தலைமை ஜீன்களுக்கு முன்னால் ஒரு தாவும் துண்டு உட்கார்ந்திருக்கிறதா இல்லையா என்பதுதான் வித்தியாசம். இரண்டு லேபுகள் ஒரே சோதனையில் எதிரெதிர் விடை பெற்றுச் சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் மற்றவரிடம் ஸ்ட்ரெய்னை வாங்கிப் பார்த்திருந்தால் ஒரு வாரத்தில் தீர்ந்திருக்கும்.

மீடியமும் அப்படித்தான். பாக்டீரியா வளர்க்கும் எல்பி என்ற திரவத்தின் பெயர் லூரியா–பெர்டானி என்று நானும் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை உருவாக்கிய ஜுசெப்பே பெர்டானியே அது லைசோஜெனி பிராத் என்று பின்னால் எழுதியிருக்கிறார். பெயர் கிடக்கட்டும். அதில் சர்க்கரை மிகக் குறைவு, செல்கள் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகத் தின்று தீர்க்கும். ஓடி, அதாவது கலங்கலின் அளவு, 0.3 தாண்டினாலே வளர்ச்சி வேகம் இறங்கத் தொடங்கிவிடும். ஓடி 0.6-இல் எடுத்துவிட்டு "சீரான வளர்ச்சியில் இருந்த செல்கள்" என்று எழுதுகிறோமே, அவை சீராக இல்லை.

சரி, அடுத்த பேரழிவு. சொந்த லேப் ஆரம்பித்து மூன்றாவது வருடம். காலையில் ஷேக்கரைத் திறந்தால், முந்தைய இரவு கலங்கலாக இருந்த ஃபிளாஸ்க் பைப் தண்ணீர் மாதிரி தெளிந்து கிடந்தது. அடியில் நூல் நூலாகச் சளி. ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று இன்னொரு ஃபிளாஸ்க் போட்டோம், அதுவும் தெளிந்தது. டி1 ஃபேஜ். ஈ.கோலை லேப் வைத்திருப்பவர்கள் இந்தப் பெயரைத் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்கள். உலர்ந்தாலும் சாகாது, காற்றில் மிதந்து போகும், கதவுக் கைப்பிடியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். திறந்து வைத்த கல்ச்சரை எல்லாம் ஆட்டோகிளேவில் போட்டோம், பெஞ்ச், சென்ட்ரிஃபியூஜ், பிப்பெட், குளிர்சாதனப் பெட்டியின் ரப்பர் பட்டை வரைக்கும் பிளீச் போட்டுத் துடைத்தோம். ஃபேஜ் தாக்கி வழிந்த கல்ச்சரைக் குழாயடித் தொட்டியில் நேரடியாக ஊற்றிய மாணவர் யார் என்று நான் விசாரிக்கவில்லை. கேட்டிருந்தால் அடுத்த தடவை யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். மூன்று வாரம் ஒரு சோதனையும் ஓடவில்லை. இப்போது கல்ச்சர் திடீரென்று தெளிந்தால் மூடியைத் திறக்காமல் அப்படியே ஆட்டோகிளேவுக்கு என்பது சட்டம். டி1 ஒட்டிக்கொள்ளும் கதவான டன்-ஏ ஜீனை நீக்கிய ஸ்ட்ரெய்ன் ஒன்றையும் கைவசம் வைத்திருக்கிறோம். டன் என்பதே "டி-ஒன்" என்பதன் சுருக்கம்.

இதில் ஒரு வேடிக்கை. எங்களை மூன்று வாரம் முடக்கிய இந்த ஃபேஜ்தான் பாக்டீரியா மரபியலையே தொடங்கிவைத்தது. 1943-இல் லூரியாவும் டெல்ப்ரூக்கும் செய்த சோதனையில் பாக்டீரியாவைக் கொன்றது இதுதான். ஃபேஜைத் தாங்கும் மியூட்டன்டுகள் ஃபேஜைப் பார்த்த பிறகு உருவாகின்றனவா, அதற்கு முன்பே இருக்கின்றனவா என்பது கேள்வி. ஒரு நடன விழாவில் சக ஊழியர் காசு போட்டு ஆடும் இயந்திரத்தில் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது லூரியாவுக்குப் பொறி தட்டியது. பெரும்பாலான தடவை ஒன்றும் வராது, எப்போதாவது கொட்டோ கொட்டென்று கொட்டும். தனித்தனிக் குழாய்களில் கல்ச்சர் வளர்த்து, ஒவ்வொன்றையும் தனி பிளேட்டில் ஃபேஜோடு பரப்பினால், மியூட்டேஷன் சீக்கிரமே நடந்துவிட்ட குழாயில் பிள்ளை குட்டிகளோடு நூறு காலனி வரும், கடைசியில் நடந்த குழாயில் ஒன்றோ இரண்டோ. எண்ணிக்கை அப்படித்தான் தாறுமாறாக வந்தது. முன்பே இருந்தவை என்பது அதிலிருந்து தெரிந்தது.

எல்லோரும் பரீட்சைக்குப் படித்த சங்கதி. ஆனால் அதிலிருந்து பெஞ்சுக்கு வர வேண்டிய பாடம் வந்து சேர்வதில்லை. ஒரு மாணவி ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் இருபது மியூட்டன்டுகளைக் கொண்டுவந்தாள். ஜீனைப் படித்து ஆர்என்ஏ எழுதும் இயந்திரமான ஆர்என்ஏ பாலிமரேஸின் பீட்டா பகுதியில், அதாவது ஆர்போ-பி ஜீனில், இருபதிலும் ஒரே எழுத்து ஒரே மாதிரி மாறியிருந்தது. "மேடம், இந்த இடம் ரொம்ப முக்கியம் போல!" என்றாள். எத்தனை குழாயிலிருந்து எடுத்தாய் என்று கேட்டேன். ஒரே குழாய். இருபதும் ஒரே தாயின் பிள்ளைகள். அவள் ஒரே மியூட்டேஷனை இருபது தடவை பார்த்திருந்தாள். இருபது தனித்தனி மியூட்டன்ட் வேண்டுமென்றால் இருபது தனிக் காலனியிலிருந்து இருபது தனிக் குழாய் தொடங்கி, குழாய்க்கு ஒன்று மட்டும் எடுக்க வேண்டும். மறு வாரம் அப்படிச் செய்தாள், மாற்றங்கள் ஜீனின் பல இடங்களில் விழுந்தன.

இவ்வளவு நேரம் ஏமாந்த கதையே சொல்லிவிட்டேன். பாக்டீரியா மாறிக்கொண்டே இருப்பது தொல்லை மட்டும் இல்லை. எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததும் அதுதான்.

ஒரு ஸ்ட்ரெய்னைச் சீக்காளியாக்கிவிட்டு, அது தானாகத் தேறும் வரை காத்திருந்து, எதை மாற்றித் தேறியது என்று பார்ப்பது. சப்ரெஸர் தேடுவது என்போம். பாக்டீரியா மரபியலில் எனக்கு மிகப் பிடித்த வேலை இது, மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான். நாம் யோசித்தே பார்த்திராத ஜீனைப் பாக்டீரியாவே சுட்டிக்காட்டும்.

புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் பயிற்சியாகப் பிபிஜிபிபி இல்லாத ஸ்ட்ரெய்னைத் தருவேன். பட்டினி வந்தால் ஈ.கோலை தயாரிக்கும் அபாய மணி பிபிஜிபிபி. 1969-இல் கேஷலும் கேலன்டும் பட்டினி போட்ட செல்களின் சாற்றைப் பிரித்துப் பார்த்த படத்தில் ஒரு புதிய புள்ளியைக் கண்டு அதை "மேஜிக் ஸ்பாட்" என்றார்கள், அதுதான் இது. அதைத் தயாரிக்கும் ரெல்-ஏ, ஸ்பாட்-டி இரண்டு ஜீன்களையும் நீக்கிவிட்டால், அமினோ அமிலம் இல்லாத மினிமல் பிளேட்டில் அந்த ஸ்ட்ரெய்ன் வளரவே வளராது. பத்துக் கோடி செல்களைப் பரப்பி வைக்கச் சொல்வேன். இரண்டு மூன்று நாளில் மாணவர் முகம் வாடி வருவார். "மேடம், கன்டாமினேஷன் ஆயிடுச்சு. வளரக் கூடாத பிளேட்ல காலனி வந்திருக்கு." தூக்கிப் போட்டுவிடாதே என்பேன். கன்டாமினேஷனா, அதாவது வெளிக்கிருமி கலந்துவிட்டதா, இல்லையா என்று முதலில் பார்க்கட்டும், ஸ்ட்ரெய்னில் இருக்க வேண்டிய அடையாளங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று. இருந்தால் மியூட்டேஷனைத் தேடட்டும். அது போய் விழுந்திருப்பது ஆர்என்ஏ பாலிமரேஸில், ஆர்போ-பி, ஆர்போ-சி, ஆர்போ-டி ஜீன்களில். மணியடிக்க ஆள் இல்லாததால், மணிச் சத்தத்தைக் கேட்க வேண்டிய இயந்திரமே மணி அடித்ததுபோல நடந்துகொள்ளும்படி தன்னை மாற்றிக்கொண்டிருக்கிறது. பிபிஜிபிபி எங்கே வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா? ஒரு பிளேட், ஒரு பரப்பும் குச்சி, மூன்று நாள் பொறுமை.

என் சொந்தக் கதையில் அது ஒரு வாரமாகப் பெஞ்சில் மறந்துபோன பிளேட். 42 டிகிரியில் வளராத ஒரு மியூட்டன்டை, வளரவில்லை என்று பதிவு செய்துவிட்டுத் தூக்கிப் போட வைத்திருந்தேன். காய்ச்சல் வந்து ஆறு நாள் லேபுக்குப் போகவில்லை. வந்து பார்த்தால் நாலு காலனி. அந்த நாலு காலனியிலிருந்துதான் என் போஸ்ட்டாக் காலத்து வேலை முழுவதும் வந்தது. அப்போது அந்த மாற்றங்கள் குரோமோசோமில் எங்கே என்று கண்டுபிடிக்க, அக்கம்பக்கத்தில் டிரான்ஸ்போசான் அடையாளம் உள்ள ஸ்ட்ரெய்ன்களை வாங்கி, பி1 மேல் பி1 போட்டு, எது எதோடு சேர்ந்து நகர்கிறது என்று எண்ணி எண்ணி, ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. இப்போது முழு ஜீனோமையும் வரிசைப்படுத்தச் சில நாள் போதும். ஆனால் வரிசைப்படுத்தினால் வருவது ஒரு மாற்றம் அல்ல, மூன்று நான்கு மாற்றங்களின் பட்டியல். அதில் எது தேற்றியது, எது சும்மா கூட வந்தது? மறுபடியும் பி1-இடம்தான் போக வேண்டும். புது மாணவர்கள் பட்டியலிலேயே நின்றுவிடுகிறார்கள், அழகான பெயருள்ள ஜீனைத் தேர்ந்தெடுத்துக் கதை எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். நான் காவல்காரன் படம் வரைந்த மாதிரியேதான்.

குளோனிங்கும் இதே பாஷையில் பேசும். ஒரு ஜீனைப் பிளாஸ்மிடில் ஏற்ற இரண்டு மாதம் முயன்ற மாணவர் ஒருவர், கிடைத்த எட்டுக் குளோனிலும் பிழை, ஜீனைப் பிரதியெடுக்கும் பாலிமரேஸ் நொதி சரியில்லை என்று புது நொதி வாங்கச் சொன்னார். பிழைகளைக் கொண்டுவரச் சொன்னேன். ஒவ்வொன்றும் வெவ்வேறு இடம், ஆனால் எல்லாமே புரதத்தைப் பாதியில் வெட்டுபவை. நொதி பிழை செய்தால் பாதிக்காத மாற்றங்களும் கலந்து வந்திருக்கும். நல்ல புரதம் செய்த செல் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை என்பதுதான் பொருள். ஜீன் செல்லுக்கு விஷம். பிரதி எண்ணிக்கை குறைந்த பிளாஸ்மிடுக்கு மாற்றி, ஜீனை முடுக்கும் லேக் புரமோட்டரின் கசிவைக் குறைக்கக் குளுக்கோஸ் சேர்த்து, 30 டிகிரியில் வளர்த்தார். அந்த வாரமே கிடைத்தது.

ஆம்பிசிலின் பிளேட்டில் பெரிய காலனியைச் சுற்றி வரும் பொடிக் காலனிகளை எடுத்து ஏமாறாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய காலனி வெளியே விடும் நொதி சுற்றியுள்ள மருந்தைத் தின்றுவிட்டது, பொடிசுகளிடம் பிளாஸ்மிட் கிடையாது. கனமைசினில் இந்தத் தொல்லை இல்லை, அங்கே நொதி செல்லுக்கு உள்ளேயே இருக்கும்.

மாணவர்கள் ஃப்ரீசரை மதிக்காதபோது நான் ரிச்சர்ட் லென்ஸ்கியின் சோதனையைச் சொல்வேன். 1988-இல் ஈ.கோலையின் 12 கல்ச்சர்களைத் தொடங்கி, தினமும் புது மீடியத்துக்கு மாற்றிக்கொண்டே வந்தார். பன்னிரண்டில் ஆறு ஒரு பிளேட்டில் சிவப்புக் காலனி தரும், ஆறு வெள்ளை தரும். ஒன்றில் மற்றொன்று கலந்தால் நிறமே காட்டிக்கொடுத்துவிடும். 500 தலைமுறைக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் உறைய வைத்தார்கள். 31,000 தலைமுறை தாண்டி ஒரு கல்ச்சர் திடீரென்று மிகவும் கலங்கலானது. மற்ற எந்த லேபிலும் அதைக் கன்டாமினேஷன் என்று கொட்டியிருப்பார்கள். அவர்களும் முதலில் அப்படித்தான் சந்தேகப்பட்டார்கள். மூலம் பார்த்தார்கள், அதே வம்சம்தான். ஆக்சிஜன் இருக்கும்போது ஈ.கோலையால் தின்ன முடியாத சிட்ரேட்டை அது தின்னக் கற்றிருந்தது. உறைய வைத்த மூதாதைகளை எழுப்பி, எந்தத் தலைமுறைக்குப் பிறகு இது சாத்தியமானது என்றுகூடத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். 2008-இல் கட்டுரை வந்தது. அந்த ஃப்ரீசர் இல்லாவிட்டால் அது வெறும் ஆச்சரியமாகவே நின்றிருக்கும்.

இந்த வருடம் எங்கள் மைனஸ் 80 ஃப்ரீசரை அடுத்தவரிடம் ஒப்படைக்கத் தயார் செய்கிறோம். ஒவ்வொரு வயலுக்கும், அதாவது ஸ்ட்ரெய்ன் உறைந்திருக்கும் சின்னக் குப்பிக்கும், எண், ஜீனோடைப், தாய் ஸ்ட்ரெய்ன், எப்படிச் செய்தது, யார் செய்தது, எந்த நோட்டில் எந்தப் பக்கம் என்று பட்டியலில் இருக்க வேண்டும். இல்லாததைத் தனியே எடுத்து வைக்கச் சொன்னேன். ஒரு நாள் முழுக்க உறைபனியோடு மல்லாடிய மாணவி, சாயங்காலம் ஒரு சின்னப் பெட்டியோடு வந்து நின்றாள்.

"மேடம், அப்பா அம்மா பேர் இல்லாதது 41 வயல்."

யார் வைத்தது என்று கொஞ்சம் அதட்டலாகத்தான் கேட்டேன்.

அவள் பெட்டியைத் திருப்பிக் காட்டினாள். பதினேழில் என் கையெழுத்து. ஒன்றில் "முக்கியம்!!" என்று இரண்டு ஆச்சரியக்குறி போட்டு எழுதியிருந்தேன், அதற்கு மேல் ஒன்றும் இல்லை, தேதிகூட. இருவரும் அதைக் கோடு இழுத்து வளர்த்துப் பார்த்தோம். மறுநாள் காலை நான் வருவதற்கு முன்பே அவள் பெராக்சைடு விட்டுப் பார்த்திருந்தாள். பொங்கவில்லை.